அலை ஏறும்போது எந்த எண்ணைப் பார்ப்பது? குமரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

2021 மே, கொரோனா இரண்டாம் அலை. மே 21 அன்று தமிழகத்தின் ஒரு நாள் தொற்று 36,184. மே 24 முதல் தளர்வில்லா முழு ஊரடங்கு. அந்த வாரம் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் மிகுதியும் கொரோனா பற்றியவைதான். கீழே வரும் பதில்களும் அவற்றிலுள்ள விதிகளும் அப்போதையவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். பெயர்களை விட்டு ஊரை மட்டும் போடுகிறோம்.

கேள்வி: பேப்பரில் மாவட்ட எண்ணிக்கை செவ்வாய்க்கிழமை குறைகிறது, வியாழக்கிழமை ஏறுகிறது. ஏறுகிறதா இறங்குகிறதா, எப்படித்தான் தெரிந்துகொள்வது? (மார்த்தாண்டம்)

ஒரு நாள் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை சளி மாதிரி எடுப்பது குறைவு. அந்த முடிவுகள் திங்களும் செவ்வாயும் வெளியாகும்போது தொற்றே குறைந்தது போலத் தெரியும். அடுத்த இரண்டு நாளில் ஏறிவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தினமும் மாநில சுகாதாரத் துறை வெளியிடும் அறிக்கையில் குமரி மாவட்ட வரியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: புதிய தொற்று, குணமடைந்தோர், சிகிச்சையில் இருப்போர், இறப்பு. ஏழு நாள் புதிய தொற்றைக் கூட்டுங்கள். அதை அதற்கு முந்தைய ஏழு நாள் கூட்டுத்தொகையால் வகுங்கள். கணக்குக்காக ஓர் உதாரணம்: போன வாரம் 3,000, இந்த வாரம் 4,500 என்றால் விகிதம் 1.5. இதே வேகத்தில் போனால் சுமார் 12 நாளில் தொற்று இரட்டிப்பாகும். விகிதம் 2 என்றால் ஏழே நாளில். 1.3 என்றால் 18, 19 நாள் ஆகும். விகிதம் 1-க்குக் கீழே வந்து இரண்டு வாரம் அங்கேயே நின்றால்தான் இறங்குகிறது என்று சொல்லலாம். 1.5-லிருந்து 1.1-க்கு வந்திருப்பது நல்ல சேதிதான். ஆனாலும் தொற்று இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, வேகம்தான் குறைந்திருக்கிறது. 'தொற்று குறைகிறது' என்று தலைப்புப் போடுகிறவர்கள் பல நேரம் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

இன்னொன்று. இன்று அச்சாகும் எண் இன்றைய நிலைமை அல்ல. தொற்று உடலில் ஏறி அறிகுறி தெரிய சராசரியாக ஐந்து நாள். 'சாதாரணக் காய்ச்சல்தானே' என்று வீட்டில் இருப்பது இரண்டு மூன்று நாள். மாதிரி கொடுத்து முடிவு வந்து அறிக்கையில் ஏற இன்னும் ஓரிரு நாள். ஆக, நீங்கள் பார்ப்பது பத்து நாளைக்கு முந்தைய நிலவரம். மே 24-இல் அடைத்த கடையின் பலன் ஜூன் முதல் வாரத்துக்கு முன்னால் எண்ணில் தெரியாது. ஊரடங்கு போட்டும் குறையவில்லையே என்று நாலாம் நாள் அங்கலாய்ப்பதில் பொருளில்லை.

கேள்வி: கேரளப் பக்கம் பாறசாலையில் நூறு பேருக்குப் பரிசோதித்தால் இருபத்தைந்து பேருக்கு மேல் இருக்கிறது என்கிறார்கள். எல்லையைத் தாண்டினால் நம் பக்கம் அவ்வளவு இல்லை. கேரளம் அவ்வளவு மோசமா, நாம் மறைக்கிறோமா? (கொல்லங்கோடு)

இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். தமிழகம் வைரஸின் மரபணுவைத் தேடும் ஆர்டிபிசிஆர் ஆய்வக முறை ஒன்றையே நம்பியது. கேரளம் ஆர்டிபிசிஆருடன், சீக்கிரம் முடிவு தரும் ஆன்டிஜென் பரிசோதனையையும் பெருமளவில் செய்தது. யாருக்குச் செய்கிறார்கள் என்பதும் வேறு. அறிகுறி உள்ளவரையும் அவர் வீட்டாரையும் மட்டும் பிடித்துப் பரிசோதித்தால் சதவீதம் ஏறும். சந்தைக்கு வருகிறவர், முகாமுக்கு வருகிறவர் எல்லோருக்கும் மூக்கில் குச்சி விட்டால் இறங்கும். எனவே இரண்டு மாநிலத்து சதவீதத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். ஒரே மாவட்டத்தின் சதவீதத்தை வாரத்துக்கு வாரம் ஒப்பிடுங்கள். எண்ணிக்கை அப்படியே நிற்க, சதவீதம் மட்டும் ஏறினால் பரிசோதனை போதவில்லை என்று பொருள். தொற்று அமுங்கியிருக்கிறது, குறையவில்லை.

மத்திய உள்துறை அமைச்சகம் 2021 ஏப்ரல் மாத இறுதியில் தந்த அளவுகோல் எளிது: ஒரு வாரமாகப் பரிசோதித்தவர்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ தொற்று, அல்லது ஆக்சிஜன், ஐசியூ படுக்கைகளில் 60 சதவீதத்துக்கு மேல் நிரம்பல். இரண்டில் ஒன்று இருந்தாலே அந்த மாவட்டத்தில் கடும் கட்டுப்பாடு தேவை. இரண்டாவதைத்தான் நாம் அதிகம் கவனிக்கச் சொல்வோம். பரிசோதனையைக் குறைத்தால் சதவீதத்தை ஆட்டிவைக்கலாம், படுக்கையில் கிடப்பவரை ஒளிக்க முடியாது. மாநில அரசின் படுக்கை நிலவர இணையதளத்தில் குமரியைத் தேர்ந்தெடுத்து, மொத்தப் படுக்கையைப் பார்க்காமல் ஆக்சிஜன் வசதியுள்ள காலிப் படுக்கையை மட்டும் தினமும் ஒரே நேரத்தில் குறித்து வாருங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் சாதாரணப் படுக்கை காலியாக இருப்பது மூச்சுத் திணறும் நோயாளிக்கு உதவாது.

கேள்வி: எங்கள் தெருவில் நான்கு வீட்டில் தொற்று. இரண்டு முனையிலும் கம்பு கட்டித் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். அதன்பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பேரூராட்சியில் கேட்டால் சுகாதாரத் துறையைக் கேள் என்கிறார்கள், அவர்கள் பேரூராட்சியைக் கேள் என்கிறார்கள். (திருவட்டாறு பகுதி)

உங்கள் குழப்பத்துக்கு ஒரு நிர்வாகக் காரணம் உண்டு. ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அங்கே தலைவரும் வார்டு உறுப்பினரும் இருந்தார்கள். பேரூராட்சி, நகராட்சி, நாகர்கோவில் மாநகராட்சி ஆகியவற்றில் 2016-க்குப் பிறகு 2021 வரை மன்றமே இருக்கவில்லை, அதிகாரிகள்தான். குமரி மாவட்டத்தில் பெரும்பாலானோர் வசிப்பது பேரூராட்சி, நகராட்சிகளில் என்பதால், கதவைத் தட்ட ஒரு வார்டு கவுன்சிலர்கூட நம்மில் பலருக்கு இருக்கவில்லை.

வேலைப் பிரிவினை இது. தகரம், கிருமிநாசினி, குப்பை, சாமான் கொண்டுவரும் ஆள் எல்லாம் பேரூராட்சிச் செயல் அலுவலர் பொறுப்பு. சளி மாதிரி, காய்ச்சல் கணக்கெடுப்பு, நோயாளியை எங்கே அனுப்புவது என்பது ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளர் பொறுப்பு. அவருக்கு மேல் வட்டார மருத்துவ அலுவலர், அவருக்கு மேல் நாகர்கோவிலில் உள்ள சுகாதாரப் பணிகள் துணை இயக்குநர். பேரூராட்சியையும் சுகாதாரத் துறையையும் இணைக்கும் இடம் ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறை, எண் 1077. அங்கே 'யாரும் வரவில்லை' என்று பொதுவாகப் புகார் சொல்லாதீர்கள். நான்கு விவரம் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்: எந்தத் தேதியில் அடைத்தார்கள், எத்தனை வீடு, எத்தனை ஆள், கடைசியாக மாதிரி எடுத்த தேதி. பேசியவர் பதவியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடைத்த பகுதிக்குள் நடக்க வேண்டியவை: தினமும் வீடு வீடாகக் காய்ச்சல் விசாரிப்பு, நேரடித் தொடர்பில் இருந்தவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் மாதிரி, நோயாளி வீட்டுக் குப்பை தனிப் பையில், ஒரு முனையில் மட்டுமாவது ஆம்புலன்ஸ் நுழையும்படி கழற்றக்கூடிய தடுப்பு. இரண்டு பக்கமும் ஆணியடித்து மூடுவது ஆபத்து. தீப்பிடித்தாலும் திறக்க முடியாத தடுப்பை அகற்றச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

தெருவை அடைக்கும் முறை சென்னை போன்ற நகரத்துக்குப் பொருந்தும். வரிசையாக வீடு, முன்னால் ஒரே தெரு என்றால் அது வேலை செய்யும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் வீடுகள் விளைகளுக்குள், அதாவது தோட்டங்களுக்குள், சிதறிக் கிடக்கின்றன. முன்னால் தகரம் இருக்கும்; பின்னால் தென்னை, ரப்பர் வழியே நாலு பாதை இருக்கும். இங்கே தகரத்தைவிட, தொற்றுள்ள வீட்டுக்குப் பாலும் சாமானும் மருந்தும் கொண்டுபோக ஒருவரைப் பொறுப்பாக்குவதுதான் அதிகம் பயன்படும். தேவை தீர்ந்தால் யாரும் பின்பாதையில் நடக்கமாட்டார்கள்.

கேள்வி: எங்கள் ஊர் இளைஞர் மன்றமும் வெளிநாட்டில் இருப்பவர்களும் சேர்ந்து பணம் திரட்டியிருக்கிறோம். ஆக்சிஜன் சிலிண்டரா, கான்சன்ட்ரேட்டரா, எதை வாங்குவது? (குளச்சல்)

முதலில் கணக்கு. மருத்துவமனைகளில் பார்க்கும் ஆளுயர ஜம்போ சிலிண்டர், அதாவது டி டைப், நிரப்பினால் சுமார் 7,000 லிட்டர் ஆக்சிஜன் தரும். தூக்கிச் செல்லும் பி டைப் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் விட்டால் பி டைப் 5 மணி நேரம், ஜம்போ 23 மணி நேரம். 10 லிட்டர் என்றால் ஜம்போவும் 12 மணி நேரத்துக்குள் காலி. ஐசியூவில் வைக்கும் உயர் ஓட்ட மூக்குக்குழாய்க் கருவி நிமிடத்துக்கு 60 லிட்டர்வரை இழுக்கும். அதற்கு ஒரு ஜம்போ இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. அதனால்தான் பெரிய மருத்துவமனைகள் திரவ ஆக்சிஜன் தொட்டியை நம்புகின்றன. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் சுமார் 860 லிட்டர் வாயு. மகேந்திரகிரி இஸ்ரோ மையத்திலிருந்து லாரியில் போகும் திரவ ஆக்சிஜனுக்குத் தமிழகமும் கேரளமும் 2021-இல் காத்திருந்தது இதற்காகத்தான்.

சிலிண்டர் வாங்கினால் நிரப்பும் இடமும் வண்டியும் ஆளும் வேண்டும். தட்டுப்பாட்டு நேரத்தில் நிரப்பும் ஆலை மருத்துவமனைகளுக்கே முதலிடம் தரும், தரவும் வேண்டும். ஊர் அமைப்புக்கு கான்சன்ட்ரேட்டர்தான் பொருத்தம். ஆனால் அதால் முடியாததைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். காற்றிலிருந்து நைட்ரஜனை வடிகட்டி 90 முதல் 96 சதவீத ஆக்சிஜன் தரும். 5 லிட்டர் கருவி நிமிடத்துக்கு 5 லிட்டருக்கு மேல் தராது. பை வைத்த முகமூடிக்கு 10 முதல் 15 லிட்டர் வேண்டும் என்பதால் இந்தக் கருவியில் அதை மாட்டக் கூடாது. மூக்குக் குழாய்தான். இரத்த ஆக்சிஜன் அளவு 90–93 காட்டிப் படுக்கைக்குக் காத்திருப்பவருக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிச் சில நாள் துணை தேவைப்படுபவருக்கும் இது உதவும். 85 காட்டுபவரை இதில் போட்டு வீட்டில் வைத்துக்கொள்வது அவர் உயிரோடு விளையாடுவது.

வாங்கும்போது 5 லிட்டர் ஓட்டத்திலும் தூய்மை 90-க்குக் கீழே போகாத கருவியா என்று பாருங்கள். மலிவான சில கருவிகள் 1 லிட்டரில் 90 காட்டும், 5 லிட்டரில் 40, 50-க்குச் சரியும். தூய்மை குறைந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி கட்டாயம். ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் மட்டும் ஓடக்கூடியது நமக்கு ஆகாது, இடைவிடாமல் ஓட வேண்டும்.

பயன்பாட்டில் கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். ஒன்று, சுவரோடு ஒட்டிவைத்துக் காற்று புகாமல் சூடேறுவது. ஓர் அடி இடைவெளி விடுங்கள், கட்டிலுக்கடியில் தள்ளாதீர்கள். இரண்டு, பின்பக்கத் தூசு வடிகட்டி. கடலோரத்தில் மணலும் உப்பும் சீக்கிரம் அடைக்கும். வாரம் ஒருமுறை கழுவி நன்றாகக் காயவைத்த பிறகே மாட்டவேண்டும். மூன்று, ஈரப்பதக் குப்பி. இதில் குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ ஊற்றக்கூடாது. டிஸ்டில்டு வாட்டர், இல்லையென்றால் கொதித்து ஆறிய நீர். தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். கறுப்புப் பூஞ்சையை, கண்டால் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோயாக அரசே 2021 மே 20-இல் அறிவித்தது. அழுக்குக் குப்பி வேண்டாம். மூடியைச் சரியாகத் திருகாவிட்டால் ஆக்சிஜன் அங்கேயே கசிந்துவிடும். குழாய் நுனியை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், குமிழி வரவேண்டும்.

மின்சாரம்: 5 லிட்டர் கருவி சுமார் 350 வாட் இழுக்கும். 150 ஏஎச் பேட்டரி உள்ள வீட்டு இன்வெர்ட்டரில் மூன்று, நான்கு மணி நேரம் ஓடும், அதுவும் சைன் வேவ் வகையாக இருந்தால். 2021 மே மாத டவ்தே புயலில் மேற்குக் கடலோரம் பட்ட பாட்டுக்குப் பிறகு, மின்சாரம் போகலாம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மாற்றாக ஒரு பி டைப் சிலிண்டரைப் பக்கத்தில் வையுங்கள். அறையில் விளக்கேற்றுவது, மெழுகுவர்த்தி, பீடி எதுவும் கூடாது.

நோயாளியின் ஆக்சிஜன் அளவை 92 முதல் 96-க்குள் வைத்தால் போதும். 99 காட்டட்டும் என்று முழுதாகத் திருகுவது வீண். கருவியைக் கொடுக்கும்போது ஒரு மருத்துவரின் சீட்டு, பெற்றவர் விவரம், திரும்பும் தேதி மூன்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரு கருவி குணமானவர் வீட்டில் பத்திரமாக உறங்கிக்கொண்டிருக்கும்.

கேள்வி: வீட்டுத் தனிமையில் இருக்கிறோம். ஆக்சிமீட்டர் ஒரு முறை 97, ஒரு முறை 91 காட்டுகிறது. எதை நம்புவது? (தக்கலை)

ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுங்கள். நகச்சாயம், மருதாணி இல்லாத விரல். சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். கையை நெஞ்சோடு வைத்து அசையாமல் ஒரு நிமிடம் பொறுங்கள். முதலில் தாவும் எண்ணை விட்டுவிட்டு, நிலைத்து நிற்கும் எண்ணைக் குறியுங்கள். நாலு வேளை, நேரத்தோடு.

95-க்கு மேல் இருந்தால் ஆறு நிமிடம் அறைக்குள்ளேயே நடந்துவிட்டு மறுபடி பாருங்கள். முதியவர்களுக்கு மூன்று நிமிடம் போதும். நடந்தபின் 94-க்குக் கீழே வந்தாலோ, மூன்று நான்கு புள்ளி இறங்கினாலோ, 'எனக்கு ஒன்றும் தெரியவில்லையே' என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். மூச்சு முட்டாமலே அளவு இறங்குவதுதான் இந்த நோயின் குயுக்தி. அறிகுறி தொடங்கிய ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள்வரை கண்காணிப்பைத் தளர்த்தக்கூடாது. காய்ச்சல் விட்டது என்று பலரும் அந்த நேரத்தில்தான் மீட்டரைத் தூக்கி வைக்கிறார்கள். வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் குப்புறப் படுப்பது உதவும்: கழுத்துக்கு ஒன்று, மார்பு முதல் தொடைவரை இரண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணை. கர்ப்பிணிகள் வேண்டாம்.

ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108. மருந்துக்கடையில் தாமாக ஸ்டீராய்டு வாங்கி முதல் நாளிலேயே விழுங்காதீர்கள். ஆக்சிஜன் தேவைப்படாதவருக்கு அது நன்மை செய்வதில்லை, கெடுதல் செய்யலாம்.

கேள்வி: கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் புதைப்பதற்கும் அறிக்கையில் வரும் இறப்புக்கும் பொருந்தவில்லையே? (இராஜாக்கமங்கலம் ஒன்றியம்)

அறிக்கையின் இறப்புப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் வயது, இணைநோய், சேர்த்த தேதி, இறந்த தேதி தரப்படுகிறது. தேதிகளை ஒப்பிட்டால், இன்று அறிவிக்கப்பட்ட பலர் பல நாள் முன்பே இறந்தவர்கள் என்பது தெரியும். பரிசோதனை செய்யாமல் வீட்டில் இறந்தவர், ஸ்கேனில் நுரையீரல் பாதிப்பு இருந்தும் ஆர்டிபிசிஆரில் இல்லை என்று வந்தவர் பட்டியலில் வராமல் போகலாம்.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டியது: இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். இறப்புச் சான்றிதழில் காரணம் அச்சாவதில்லை. மருத்துவமனை தரும் இறப்புக் காரணச் சான்றுதான் அதற்கு ஆவணம். அதையும் பரிசோதனை முடிவையும் நகலெடுத்துப் பத்திரப்படுத்துங்கள், பின்னாளில் தேவைப்படும். 2021 மே விதிப்படி அடக்கத்துக்கு 20 பேர்தான். புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டுக்கும் தடையில்லை. குளிப்பாட்டுவதும் முத்தமிடுவதும் கூடாது. பையின் மேற்பகுதியை ஊழியர் திறந்துகாட்ட, தள்ளி நின்று முகம் பார்க்கலாம். சாம்பலில் தொற்று இல்லை. நம் கல்லறையில் இடம் தரமாட்டோம் என்று மறிப்பது சட்டப்படி குற்றம்.

கேள்வி: எங்கள் ஊரில் தினமும் லாரியில் மருந்து அடிக்கிறார்கள். வேண்டுமா? (அருமனை)

வேண்டாம். சாலையில் இருக்கும் கிருமியால் யாருக்கும் தொற்றுவதில்லை, வெயிலும் மண்ணும் அந்த மருந்தை உடனே செயலிழக்கச் செய்யும். அந்த ஆளையும் செலவையும் ரேஷன் கடைக் கவுண்டர், பேருந்து நிலையக் கழிப்பறைத் தாழ்ப்பாள், காய்ச்சல் முகாம் நாற்காலி துடைக்கத் திருப்பச் சொல்லுங்கள். நல்ல பிளீச்சிங் பவுடர் 33 கிராம் ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, தெளிந்த நீரை எடுத்தால் ஒரு சதவீதக் கரைசல். துடைத்துப் பத்து நிமிடம் ஈரமாக விடவேண்டும். காலையில் கலக்கியது மாலைக்கு ஆகாது. மனிதர்மேல் அடிக்கவே கூடாது.

கேள்வி: கபசுரக் குடிநீர் குடித்தால் தடுப்பூசி வேண்டாமா? (தோவாளை)

குடிக்க விரும்பினால் சித்த மருத்துவர் சொல்லும் அளவில் குடியுங்கள், ஊசிக்கு மாற்றாக அல்ல. கோவிஷீல்டு முதல் தவணை போட்டவர்களுக்கு இரண்டாவது, 2021 மே விதிப்படி, 12 முதல் 16 வாரத்தில். ஆறு வாரத்தில் போகச் சொன்ன பழைய சீட்டைக் காட்டி மையத்தில் சண்டை போட வேண்டாம். அப்போதைய விதிப்படி, தொற்று வந்து தேறியவர்கள் மூன்று மாதம் கழித்துப் போட்டால் போதும்.

கேள்வி: தனிமை முடிந்தும் 'நெகட்டிவ்' சீட்டு இல்லாமல் வேலைக்கு வராதே என்கிறார் முதலாளி. திருவனந்தபுரத்தில் சிகிச்சை எடுக்கும் அம்மாவை அழைத்துப் போகவும் வேண்டும். (களியக்காவிளை)

2021 மே விதிப்படி, அறிகுறி தொடங்கி பத்து நாள் ஆகி, கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லையென்றால் தனிமை முடிந்தது. மறுபரிசோதனை தேவையில்லை. ஒருமுறை தொற்று உறுதியானவருக்குத் திரும்ப ஆர்டிபிசிஆர் செய்யக் கூடாது என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2021 மே 4-இல் சொன்னது. செத்த வைரஸின் துணுக்குகள் வாரக்கணக்கில் மூக்கில் கிடந்து 'பாசிட்டிவ்' காட்டும். அந்தச் சீட்டுக்காக நீங்கள் நிற்கும் வரிசையில் உண்மையில் நோயுள்ள ஒருவர் பின்னால் தள்ளப்படுகிறார். முதலாளியிடம் தனிமை தொடங்கிய, முடிந்த தேதியைச் சுகாதார நிலையத்தில் எழுதி வாங்கிக் கொடுங்கள்.

பயணத்துக்கு: 2021 மே இறுதியில், மாவட்டத்துக்குள் மருத்துவத்துக்குச் செல்ல இ-பதிவு (இணையத்தில் பயண விவரம் பதிவது) தேவைப்படவில்லை, மாவட்டம் தாண்டினால் தேவைப்பட்டது. அப்பால் கேரளத்தின் விதி தனி, அங்கேயும் அப்போது ஊரடங்கு இருந்தது. இரு பக்கப் பதிவையும் முந்தைய நாளே முடித்து, மருத்துவமனை தந்த அடுத்த வருகைத் தேதிச் சீட்டின் அசலை அம்மாவின் கையிலேயே கொடுங்கள். செல்போன் படத்தைச் சோதனைச்சாவடியில் எல்லோரும் ஏற்பதில்லை. அதிகாலையில் கிளம்புவது நல்லது, ஒன்பது மணிக்குமேல் வண்டி வரிசை நீளும்.